ஒரு ஸ்பூன் எண்ணெய்... ஒரு கட்டு கீரை!

புதிதாகக் கரண்டி பிடிப்பவர்களுக்கு மலிவான, கலோரி குறைந்த சைவச் சமையல்

இரவு எட்டு மணி. சென்னை சோழிங்கநல்லூர் பக்கம், ஐ.டி. ஊழியர்கள் கூட்டாக வாடகைக்கு எடுத்த ஓர் அறை. தரையில் இண்டக்‌ஷன் அடுப்பு, அதன்மேல் கடாய். உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் ஒரு பெண் குரல், “எண்ணெய் காஞ்சதும் கடுகு போடுங்க” என்கிறது. எவ்வளவு எண்ணெய் என்று அந்தக் குரல் சொல்லவில்லை. இளைஞர் பாட்டிலைச் சரிக்கிறார். கடாயின் அடி முழுக்க எண்ணெய் பரவிய பிறகுதான் பாட்டில் நிமிர்கிறது. கடுகு வெடிக்கிறது, உளுத்தம்பருப்பு சிவக்கிறது, கால் கிலோ பீன்ஸ் உள்ளே விழுகிறது. இரண்டு கிலோவாவது குறைய வேண்டும் என்றுதான் ஹோட்டல் பரோட்டாவை விட்டுவிட்டு இந்தப் பொரியலுக்கு அவர் வந்திருக்கிறார்.

கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். கால் கிலோ பீன்ஸில் இருப்பது 100 கலோரிக்கும் குறைவு. கடாயில் விழுந்த எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி என்றால் அதில் மட்டும் ஏறக்குறைய 360 கலோரி. அவர் சாப்பிடப்போவது பீன்ஸ் போட்ட எண்ணெய்.

இந்த அறையைப் போல ஆயிரக்கணக்கான அறைகள் உண்டு. ஓஎம்ஆரில், கோவை பீளமேட்டில், திருப்பூரில், ஒசூரில். படிப்புக்கும் வேலைக்கும் ஊரை விட்டு வந்தவர்கள், கம்பெனி நடத்திய மருத்துவப் பரிசோதனையில் கொழுப்பும் சர்க்கரையும் எல்லையில் நிற்பதைப் பார்த்து அதிர்ந்தவர்கள், பிரசவத்துக்குப் பின் எடை இறங்காதவர்கள், ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாக அடுப்பங்கரைக்குள் நுழையும் ஆண்கள் என்று எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான்: சுலபமாக, கையைக் கடிக்காமல், உடம்பைக் கூட்டாமல் ஒரு சைவச் சாப்பாடு.

ஏன் இந்தத் தேடல்?

தமிழ்நாட்டின் இடுப்புச் சுற்றளவு கூடிக்கொண்டே போகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16) தமிழகப் பெண்களில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் 30.9 சதவீதம். ஐந்தாம் சுற்றில் (2019-21) அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தபோது நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டியிருந்தார்கள். தமிழ்நாட்டில் பாதிப்பு 14.4 சதவீதம், தேசியச் சராசரியான 11.4-ஐவிடக் கூடுதல்.

2025 பிப்ரவரியில் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமர் மோடி, மாதாமாதம் வாங்கும் சமையல் எண்ணெயில் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னார். அதன்பின் எண்ணெய் பற்றிய பேச்சு ஊரெங்கும் உண்டு. ஆனால், எதை எப்படிக் குறைப்பது என்று அடுப்புக்கு முன் நிற்கும் ஆளுக்கு யாரும் சொல்வதில்லை.

சைவம் என்றால் இளைக்குமா?

“நான் வெஜிடேரியன்தான், இருந்தும் வெயிட் ஏறுது” என்ற புலம்பல் டாக்டர்களுக்குப் பழகிப்போனது. பூரி கிழங்கு, நெய் மிதக்கும் பொங்கல், மெதுவடை, வெஜிடபிள் குருமா, பனீர் பட்டர் மசாலா எல்லாமே சைவம்தான். நூறு கிராம் பனீரில் ஏறக்குறைய 260 கலோரி. குருமாவில் அரைத்து ஊற்றும் முந்திரியும் தேங்காயும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகின்றன.

இன்னொரு பக்கம் சாதம். முழுச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று மூன்று தடவை சாதம் வருகிறது. பொரியலும் கூட்டும் இலையின் மேல்பக்கத்தில் ஒரு கரண்டியோடு நின்றுவிடும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் இதைத் தலைகீழாக வைக்கச் சொல்கிறது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தானியத்தில் இருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. நம் தட்டில் 400 கிராம் காய் விழும் நாள் கல்யாண வீட்டில்கூட அபூர்வம்.

அதற்காகச் சாதத்தையே விட வேண்டியதில்லை. ஒரு கப் வெந்த சாதம் சுமார் 200 கலோரி. ஒரு கப் சாதத்துக்கு இரண்டு கப் காய், கூட்டு, கீரை என்று விகிதத்தை மாற்றினால் வயிறும் நிறையும், கலோரியும் இறங்கும். சுரைக்காய், புடலங்காய், பூசணிக்காய், முட்டைக்கோஸ், சௌசௌ ஆகியவற்றில் நூறு கிராமுக்கு 15 முதல் 30 கலோரிதான். தண்ணீரும் நாரும் நிறைந்த இந்தக் காய்கள்தான் சந்தையில் மலிவும்கூட.

---
பெட்டிச் செய்தி: எண்ணெய்க் கணக்கு

* எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஆலிவ், தேங்காய், மரச்செக்கு நல்லெண்ணெய், நெய் எதற்கும் விதிவிலக்கு இல்லை.
* ஒரு ஸ்பூன் (5 மில்லி): ஏறக்குறைய 40 கலோரி. ஒரு மேசைக்கரண்டி (15 மில்லி): 120.
* தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2,000 கலோரித் தட்டில் எண்ணெய்க்கும் நெய்க்கும் சேர்த்து ஒதுக்கிய அளவு 27 கிராம். சுமார் ஆறு ஸ்பூன்.
* நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இந்தக் கணக்கில் மாதம் மூன்றரை லிட்டர் போதும். மளிகை லிஸ்ட்டில் ஐந்து லிட்டர் கேன் இருந்தால், கூடுதலாக உள்ள ஒன்றரை லிட்டர் எங்கே போகிறது என்று பார்க்கலாம்.
---

மலிவாகக் கிடைப்பது எது?

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் மானிய விலையில். பசி போக்கியதில் இந்தத் திட்டத்துக்கு உள்ள பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பையில் உள்ளவற்றில் பருப்பை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்: அரிசி, எண்ணெய், சர்க்கரை. கலோரி மலிவாக வருகிறது. காய்கறி முழு விலையில் வருகிறது. தக்காளி நூறு ரூபாயைத் தொடும் வாரத்தில் குடும்பத் தலைவி எதைக் குறைப்பார், எதைக் கூட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே மலிவான சமையல் என்றதும் தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கை போவது இயல்பு. பணம் மிச்சம், எடை எச்சம்.

இதற்கு மாற்று வழி ரேஷன் பையிலேயே பாதி இருக்கிறது. துவரம் பருப்பு அங்கே கிடைக்கிறது. மீதிப் பாதி உழவர் சந்தையில். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று பல ஊர்களில் உண்டு. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள் என்பதால் பேரம் பேசத் தெரியாதவருக்கும் பயமில்லை. காலையில் போக வேண்டும் என்பதுதான் அறைவாசிகளுக்குக் கஷ்டம். ஞாயிறு ஒருநாள் எழுந்து போனால் வாரத்துக்கான காய் வந்துவிடும்.

காலையில் அடுப்பே மூட்ட முடியாதவர்களுக்கு, சென்னையில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய். எண்ணெயே இல்லாமல் ஆவியில் வேகும் பண்டம் இதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது.

கைப்பக்குவம் இல்லாததே வசதி

அம்மாவிடம் போனில் கேட்டால் “உப்பு ஒரு கை, எண்ணெய் கொஞ்சம், பருப்பு வேணுங்கிற அளவு” என்பார். முப்பது வருடக் கைக்கு அது போதும். புதுக் கைக்குப் போதாது. அதனால்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் வெளிவந்தபோது, புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்களின் பெட்டியில் இடம் பிடித்தது. ஆழாக்குக் கணக்கில் எல்லாவற்றுக்கும் அளவு கொடுத்த புத்தகம் அது. ஆனால், உடல் உழைப்பு அதிகமிருந்த, கூட்டுக் குடும்பக் காலத்தின் நெய்யும் எண்ணெயும் அதில் உண்டு. நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்காருபவருக்கு அந்த அளவு ஒத்துவராது.

இன்று கற்பவருக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. அவர் இன்னும் எதையும் கண்ணளவில் பழகவில்லை. முதல் நாளே அளவு ஸ்பூனோடு தொடங்கினால் எண்ணெய் தானாகவே கட்டுக்குள் நிற்கும். பழகிய கையைத் திருத்துவதைவிடப் புதிய கையைப் பழக்குவது எளிது. பாத்திரக் கடையில் அளவு ஸ்பூன் செட் விலை ஒரு ஹோட்டல் டிபன் செலவுக்குள் அடங்கும்.

ஒரு ஸ்பூனில் எப்படித் தாளிப்பது? இதில்தான் புதியவர்கள் தோற்றுப்போய் மறுபடி பாட்டிலைச் சரிக்கிறார்கள். அகலமான கடாயில் ஒரு ஸ்பூன் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவிவிடும். கடுகு அதில் மூழ்காது. வெடிக்காமல் கருகும், கசக்கும். அதே ஒரு ஸ்பூனைச் சின்னத் தாளிப்புக் கரண்டியில் விட்டுக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஒரு மூலையில் தேங்கும். கடுகு நான்கைந்து நொடியில் படபடவென வெடிக்கும். பெருங்காயம், கறிவேப்பிலை போட்டு அப்படியே வெந்த காயின் மேல் கொட்டி மூடிவிட வேண்டும். வாசனை குறையாது.

காயை எண்ணெயில் வதக்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நறுக்கிய காயில் உப்பு, மஞ்சள்தூள் போட்டுக் கால் டம்ளர் தண்ணீர் தெளித்து மூடினால் அதன் ஆவியிலேயே வெந்துவிடும். கடைசியில் தாளிப்பு.

அடுத்த தடுமாற்றம் குக்கர். தமிழ்ச் சமையல் குறிப்பெல்லாம் விசில் கணக்கில் ஓடுகிறது. கேஸ் அடுப்பில் மூன்று விசிலுக்கு வேகும் பருப்பு, இண்டக்‌ஷனை முழு வேகத்தில் வைத்தால் மூன்று விசிலுக்குப் பிறகும் கடிபடும். அங்கே விசில் அவசர அவசரமாக வரும். முதல் விசிலோடு சூட்டைக் குறைத்துவிட்டுப் பத்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருந்தால் சரியாகிவிடும்.

ஐந்து சமையல்

மூன்று லிட்டர் குக்கர், கடாய், தாளிப்புக் கரண்டி, கத்தி, அளவு ஸ்பூன். இவை போதும். மிக்ஸி இல்லாத அறைக்கும் ஏற்றவை இவை. கலோரிக் கணக்குகள் தோராயமானவை.

*சுரைக்காய்க் கூட்டு (இருவருக்கு):* பாசிப்பருப்பு 50 கிராம், நறுக்கிய சுரைக்காய் 300 கிராம், மஞ்சள்தூள், ஒன்றரை டம்ளர் தண்ணீர். குக்கரில் இரண்டு விசில். உப்பு, தட்டிய சீரகம், கீறிய பச்சை மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் சேர்த்து ஒரு கொதி. ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளிப்பு. ஒருவருக்கு 170 கலோரி. தேங்காயை விட்டால் 130.

*பச்சைப் பயறு சுண்டல் (ஒருவருக்கு):* 50 கிராம் பயறைக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஊறப்போட்டால் மாலையில் இரண்டு விசில் போதும். உப்பு வெந்த பிறகு. துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், சீசனில் மாங்காய், ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளிப்பு, இறக்கியதும் எலுமிச்சைச் சாறு. சுமார் 230 கலோரி, 11 கிராமுக்கு மேல் புரதம். மாலை பஜ்ஜிக்கு இதுதான் பதில். செலவு பத்துப் பதினைந்து ரூபாய்.

*கீரை மசியல் (இருவருக்கு):* ஒரு கட்டு அரைக்கீரை அல்லது சிறுகீரை. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அலசி மேலாக அள்ளி எடுக்க வேண்டும். மண் அடியில் தங்கும். அரை டம்ளர் தண்ணீரில் ஐந்தாறு சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் வெந்ததும் கீரையைப் போட்டுத் திறந்தபடி ஏழெட்டு நிமிடம். மத்து இல்லையென்றால் கரண்டிக் காம்பின் அடியால் மசிக்கலாம். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். பாத்திரம் நிறைய இருந்த கீரை ஒரு கிண்ணமாகச் சுருங்கும் என்பது தெரியாமல் முதலிலேயே உப்பு போட்டால் வாயில் வைக்க முடியாது. ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்தால் ஒருவருக்கு 65 கலோரி.

*கோதுமை ரவை உப்புமா (ஒருவருக்கு):* 60 கிராம் ரவையை வெறும் கடாயில் வாசம் வரும்வரை வறுத்துத் தனியே வைக்க வேண்டும். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் தாளித்து வெங்காயம், கேரட், பீன்ஸ், பட்டாணி 150 கிராம் சேர்த்து, ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, மூடிச் சிறுதீயில் பத்து நிமிடம். 340 கலோரி. ரவையின் எடையைப் போல இரண்டரை மடங்கு காய் இருப்பதால் இது கல்யாண வீட்டு உப்புமா இல்லை, காய் உப்புமா.

*மிளகு ரசம்:* நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு. நுரை கட்டியதும் இறக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். அரை ஸ்பூன் நெய்யில் தாளித்தாலும் ஒரு டம்ளர் 50 கலோரியைத் தாண்டாது. சாப்பாட்டுக்கு முன் சூப்பாகக் குடித்தால் சாதத்தின் அளவு தானாகக் குறையும்.

இவற்றை வைத்து ஒரு நாளை ஓட்டிப் பார்க்கலாம். காலையில் உப்புமா. மதியம் ஒரு கப் சாதம், கூட்டு, கீரை, ரசம், மோர். மாலையில் சுண்டல். இரவில் மூன்று இட்லியும் காய் நிறைந்த சாம்பாரும். நடுவில் சர்க்கரை குறைத்த டீ இரண்டு, ஒரு பழம். மொத்தம் 1,600 கலோரியை ஒட்டி வரும். உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 2,110 கலோரியும், 55 கிலோ பெண்ணுக்கு 1,660 கலோரியும் தேவை என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. ஆணுக்கு இது மெதுவாக எடை இறங்கும் அளவு. பெண்ணுக்கு ஏறாமல் நிற்கும் அளவு.

ஒரு குறை உண்டு. புரதம் 45 கிராமை ஒட்டித்தான் வரும். 65 கிலோ எடைக்கு 54 கிராம் தேவை. ஒரு கிண்ணம் தயிரும், குழம்பில் 20 கிராம் மீல் மேக்கரும் சேர்த்தால் அந்த ஓட்டை அடைபடும். காய்ந்த மீல் மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம். சைவத்தில் இவ்வளவு மலிவான புரதம் வேறு இல்லை.

---
பெட்டிச் செய்தி: ஒரு ஆள், ஒரு வாரம்

அரிசி 1 கிலோ, கோதுமை ரவை அரை கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, பச்சைப் பயறு கால் கிலோ, காய்கறி 3 கிலோ, கீரை 2 கட்டு, தயிர் 1 லிட்டர், எண்ணெய் 200 மில்லி, அரை மூடித் தேங்காய், வாழைப்பழம் ஒரு சீப்பு.

சில்லறை விலையில் 500 ரூபாயை ஒட்டி வரும். ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும். சென்னையில் மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டால் இந்தத் தொகை இரண்டு நாள்கூடத் தாங்காது.
---

செல்போன் காட்டும் ‘ஹெல்தி’

குறைந்த கலோரி சைவம் என்று தேடினால் திரையில் வந்து விழுவது வேறு உலகம். கினோவா, அவகாடோ, செர்ரி தக்காளி, பாதாம் பால். சூப்பர் மார்க்கெட்டில் இவற்றைக் கூடையில் போட்டால் ஒரு கிண்ண சாலடுக்கே ஒரு வாரக் காய்கறிப் பணம் கரையும். அவகாடோ நல்ல பழம்தான். ஆனால் நூறு கிராமுக்கு 160 கலோரி. அதே எடை சுரைக்காயில் அதில் பத்தில் ஒரு பங்கு.

சிறுதானியத்தைச் சுற்றியும் ஒரு மயக்கம். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சாமைப் பொங்கலும் வரகு பிரியாணியும் மெனுவில் ஏறின. சாமை, வரகு, தினை ஆகியவற்றில் நூறு கிராமுக்கு 330 முதல் 350 கலோரி. அரிசியிலும் ஏறக்குறைய 350தான். நார் கூடுதல், பசி தாங்கும், அவ்வளவே. “இது வரகுதானே” என்று இரண்டாவது தட்டு வாங்கினால் எடை குறையாது. விலையும் அரிசியைவிட அதிகம். வாரத்தில் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளலாம். கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

பாக்கெட் மசாலா ஓட்ஸ், ‘மல்டி கிரெய்ன்’ பிஸ்கட், ‘டயட்’ மிக்ஸர் எல்லாம் இதே வரிசை. முன்பக்கத்தில் இலை படம் இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று இருக்கும். பெரும்பாலான பிஸ்கட்டுகளில் அந்த எண் 450-ஐத் தாண்டும்.

சமையலை எவ்வளவு சீர்படுத்தினாலும் டீக்கடை கெடுத்துவிடும். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாளைக்கு நான்கு டீ என்றால் 40 கிராம் சர்க்கரை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 25 கிராம். கூடவே கடித்துக்கொள்ளும் மெதுவடை ஒவ்வொன்றும் நூறு கலோரிக்கு மேல்.

தனிச் சமையல் யார் தலையில்?

குடும்பத்தில் ஒருவர் டயட் என்று அறிவித்தால் அந்த வீட்டில் இன்னொருவருக்கு வேலை இரட்டிப்பாகிறது. கணவருக்குக் கீரையும் காயும், பிள்ளைகளுக்குச் சாம்பாரும் வறுவலும், மாமியாருக்கு உப்பில்லாமல் தனியாக. பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்று சமையலையும் செய்பவர் ஒரே பெண். அவர் சாப்பிடுவது கடைசியில் மிஞ்சும் சாதத்தை. வீட்டில் எல்லோரும் இளைக்க, சமைப்பவர் மட்டும் குண்டாகும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது.

இதற்கு அடுக்களையிலேயே வழி உண்டு. கூட்டும் பொரியலும் குழம்பும் எல்லோருக்கும் பொதுவாகத் தேங்காய், தாளிப்பு இல்லாமல் வேகட்டும். டயட்டில் இருப்பவரின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் தேங்காயும் தாளிப்பும் சேரட்டும். அப்பளம் பிள்ளைகளுக்குப் பொரித்து, பெரியவர்களுக்குத் தணலில் சுட்டு. வேலை ஒன்று, தட்டு இரண்டு.

அதைவிட நல்ல வழி, டயட் தேவைப்படுபவரே கரண்டியைப் பிடிப்பது. ஐம்பது வயதில் முதல்முறை கீரை ஆயும் மனிதருக்கு, அந்தக் கட்டு ஒரு கிண்ணமாவதற்குள் எவ்வளவு நேரம் போகிறது என்பது புரியும். எண்ணெய் எவ்வளவு விழுகிறது என்பதும் அவர் கண்முன் நடக்கும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

குறைப்பதற்கும் எல்லை உண்டு. காலை உணவை விட்டுவிட்டு மதியம் வெள்ளரிக்காய் மட்டும் தின்னும் கல்லூரிப் பெண்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்று: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று. பட்டினி டயட் அதை இன்னும் மோசமாக்கும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி போன்ற வைட்டமின் சி துணை வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேர்வது தடைப்படும்.

வைட்டமின் பி-12 செடிகொடிகளில் கிடையாது. சைவ உணவுக்காரர்களுக்கு அது பால், தயிர், மோர் வழியாகத்தான் வர வேண்டும். கொழுப்பு என்று பயந்து தயிரையும் நிறுத்துபவர்கள் சில வருடங்களில் கை கால் மரத்துப்போவதாக டாக்டரிடம் போய் நிற்க நேரிடலாம்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாதத்தைத் திடீரென்று பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிய பிறகே தட்டை மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரையும் பருப்பும்கூட அளவோடுதான். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் எடை குறைக்கும் கணக்குக்குள்ளேயே வரக்கூடாது.

வெளியே சாப்பிடும் நாளில்

எவ்வளவு கற்றாலும் ஏழு நாளும் மூன்று வேளையும் யாரும் சமைக்கப்போவதில்லை. பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள பெரிய உணவகங்கள் மெனுவில் கலோரியைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. தெருமுனை மெஸ்ஸுக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே கணக்குப் போட வேண்டியது சாப்பிடுபவர்தான்.

ஆனால் ஸ்பூன் வைத்து நான்கு வாரம் சமைத்தவரின் கண் மாறியிருக்கும். சாம்பாரின் மேல் மிதக்கும் எண்ணெய் எத்தனை ஸ்பூன் என்று பார்த்தவுடன் சொல்வார். தோசையை “எண்ணெய் இல்லாம, கல் தோசையா” என்று கேட்பார். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியை ஒதுக்கிவிட்டுக் காரச் சட்னியும் சாம்பாரும் வாங்குவார். சாப்பாடு சொன்னால், சாதத்தைப் பாதியாக வைக்கச் சொல்லிவிட்டு இரண்டாம் முறை பொரியலும் கூட்டும் கேட்பார். மெஸ்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கூடுதலாகக் கேட்டால் பத்து இருபது ரூபாய் சேர்த்துப் போடுவார்கள். அரைச் சாதத்துக்கு விலை குறைக்கும் மெஸ்தான் இன்னும் வரவில்லை.